கிளிக்குப் பேசக் கற்றுத்தராதீர்கள்

பேய்மழை கொட்டி ஓய்ந்த மறுநாளும், செம்பனைத் தோட்டங்களில் கிழட்டு மரங்களைச் சாய்க்கிற நாள்களிலும் எனக்கு ஒரே மாதிரியான படங்கள் வரும். ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் பழைய துண்டு, துண்டின் நடுவே இறகு முளைக்காத ஒரு கிளிக்குஞ்சு. கீழே ஒரு வரி: “அக்கா, இதுக்கு என்னா கொடுக்கணும்?”

இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். லோரி ஓட்டுகிற தம்பி, செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன், பள்ளி விட்டு வரும் வழியில் குஞ்சைக் கண்டெடுத்த பிள்ளையின் அம்மா. அந்த இடத்தில் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறவர்கள்தான் அதிகம். நின்று, குனிந்து, எடுத்துவந்தவர்கள் இவர்கள். அதனால் இந்தப் பதிவை இவர்களுக்காகவே எழுதுகிறேன். குஞ்சை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பது ஒரு பாதி. அதை எப்படிக் கிளியாகவே வைத்திருப்பது என்பது மறுபாதி. இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அதுதான் கடினமானது.

நான் மருத்துவர் இல்லை, கூலாய் பக்கம் ஒரு தாமானில் குடியிருக்கும் ஆசிரியை. பறவைகளைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கற்றுக்கொண்டதும், கையில் எடுத்துக் காப்பாற்றிப் பழகியதும்தான் எனக்குத் தெரிந்தவை.

முதலில், நம் ஊர்க் கிளி எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜொகூரில் செம்பனைத் தோட்ட ஓரங்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பது நீளவால் கிளி, மலாய்க்காரர்கள் பாயான் என்பார்கள். ஆணுக்கு மேலலகு சிவப்பு, கன்னம் ரோஜா நிறம், தாடையோரம் கறுப்புக் கோடு, உடம்பைவிட நீளமான வால். பெண்ணுக்கு இத்தனை நிறம் கிடையாது, அலகும் மங்கல். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, அந்தமான் நிக்கோபார் தீவுகள், இவைதான் இதன் சொந்த நிலம். தமிழ்நாட்டில் நம் தாத்தா பாட்டி பார்த்த, கழுத்தில் வளையம் போட்ட செந்தார்ப் பைங்கிளி வேறு இனம். அது இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய பறவை. இங்கே தென்படுகிறவை கூண்டிலிருந்து தப்பியவை, அல்லது தப்பியவற்றின் வாரிசுகள்.

பாயான் செம்பனைப் பழத்தைத் தின்னும். அதனால் நம் கண்ணில் நிறையப் படுகிறது. நிறையப் படுகிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது குறைந்துகொண்டு வருகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போது அது அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய இனமாக இருக்கிறது. தாழ்நிலக் காடு போனது ஒரு காரணம், கூண்டுக்காகப் பிடிப்பது இன்னொன்று. தோட்டம் சாப்பாடு கொடுக்கிறது, ஆனால் முட்டையிட இடம் கொடுப்பதில்லை. இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொரு குட்டிக் கிளியும் நமக்கு உண்டு. செரிண்டிட். ஒரு சாண்கூட இருக்காது, வால் கட்டை, ஆணின் தொண்டையில் சிவப்பு, தலையில் நீலப் பொட்டு. கோத்தா திங்கி பக்கம் பந்தி காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை ஓர் ஆண்ட்டி பதறிப்போய்க் கூப்பிட்டார். “குருவி மாதிரி ஒரு பச்சைக்கிளி, ஜன்னல் கண்ணாடியில மோதி விழுந்துச்சும்மா. கூடையில வச்சேன். இப்ப தலைகீழா தொங்குது. உசிரு போவுதுபோல இருக்கு.” உயிர் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. வௌவால் தொங்குவதைப் போலத் தலைகீழாகத் தொங்கித்தான் இந்த இனம் தூங்கும். பெட்டை கூடு கட்டும்போது இலையைக் கீற்றாகக் கிழித்து, அந்தக் கீற்றுகளை முதுகுப்புற இறகுகளுக்குள் சொருகிக்கொண்டு பறக்கும். இதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை, பிறகு காணொளியில் பார்த்தேன். இப்படி ஒரு வித்தைக்காரி நம் வீட்டுப் பின்புறத்திலேயே இருக்கிறாள், பெரும்பாலானவர்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

சரி, குஞ்சுக்கு வருவோம்.

குஞ்சு கண் திறந்து, உடம்பெல்லாம் இறகு மூடி, கீழே தத்தித் தத்தி நடக்கிறதென்றால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிற பிள்ளை. பூனை நாய் எட்டாத உயரத்தில் ஒரு கிளையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். தாய் தந்தை வரும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று எஸ்டேட்டில் நாங்கள் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம், அது உண்மையில்லை. குஞ்சை ஒதுக்க அதற்குக் காரணம் கிடையாது.

இறகே இல்லாத குஞ்சு, அடிபட்ட குஞ்சு, மரமே சாய்ந்து போக்கிடம் இல்லாத குஞ்சு, இவற்றைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் எல்லாரும் செய்வது தண்ணீரை அலகுக்குள் சொட்டு விடுவது, பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டுவது. இரண்டும் வேண்டாம். அலகுக்குள் ஊற்றிய தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகலாம். பறவைக்குப் பால் செரிக்காது, பாலில் இருக்கும் சர்க்கரையை உடைக்கிற நொதி அதற்கு இல்லை.

முதலில் சூடு, பிறகுதான் சோறு. குளிர்ந்துபோன குஞ்சின் வயிறு வேலை செய்யாது. இறகில்லாத பச்சைக் குஞ்சுக்கு 35, 36 பாகை அளவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். பெட்டியை மூடி, காற்றுக்கு ஓட்டை போட்டு, சத்தம் இல்லாத இருட்டில் வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், படம் ஒன்று போதும். ஏர்கான் அறை கூடாது.

ஊட்டுவதற்குக் கிளிக்குஞ்சுக்கென்றே மாவு இருக்கிறது, பறவைக் கடைகளில் கிடைக்கும். 39-லிருந்து 41 பாகைக்குள் கரைக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெப்பமானி வாங்குங்கள். ஆறிப்போனால் கழுத்தடியில் இருக்கும் இரைப்பையில் தங்கிப் புளித்துவிடும், சூடு கூடினால் அந்தப் பை வெந்து ஓட்டையாகிவிடும். இரண்டையும் அந்த மருத்துவரின் மேசையில் பார்த்திருக்கிறேன். ஓட்டையான குஞ்சு ஊட்டிய கூழ் நெஞ்சு வழியாக ஒழுக, அப்போதும் பசியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்தவர்கள் யாரும் வெப்பமானி இல்லாமல் ஊட்ட மாட்டார்கள்.

நம் தமிழ் வீடுகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி. பறவையின் நுரையீரலோடு உடம்பெங்கும் காற்றுப்பைகள் இணைந்திருக்கின்றன. பறப்பதற்காகக் காற்றிலிருந்து ஒவ்வொரு துளியையும் உறிஞ்சும்படி அமைந்த உடம்பு அது, புகையையும் அப்படியே உறிஞ்சும். ஒட்டாத தவா அடுப்பில் காய்ந்து அளவு மீறிச் சூடேறினால் வெளிவரும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூடத் தெரியாது. கிளி இருக்கும்வரை அதைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றுங்கள். சாமி ஒன்றும் நினைக்காது.

வளர்ந்த கிளியென்றால் சூரியகாந்தி விதையும் சோறும் மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கிலும் வாயிலும் நோய் வரும். பூசணி, முருங்கைக்கீரை, கங்கோங், கொய்யா, பப்பாளி, இளஞ்சோளம் கொடுங்கள். மிளகாயும் கொடுக்கலாம், பழத்தை விரும்புவதுபோலவே விரும்பித் தின்னும். நம் நாக்கை எரிக்கிற பொருள் பறவையின் நரம்புக்கு உறைக்காது. அவக்காடோ, சாக்லெட், காப்பி, உப்புப் போட்ட தீனி எதுவும் ஆகாது. அவக்காடோ சின்னத் துண்டானாலும் விஷம்தான்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். காய்ந்த கிளி எச்சத்தின் தூசியிலிருந்து மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் தொற்றும். 1929, 1930-இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவிப் பலர் இறந்தார்கள், அமெரிக்கா கிளி இறக்குமதியையே தடை செய்தது. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் வீட்டில் கிளி இருக்கிறதென்று நாம் சொன்னால்தான் மருத்துவர் அந்தக் கோணத்தில் யோசிப்பார். எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முகக்கவசம் போடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் தள்ளி இருக்கட்டும்.

இவ்வளவும் ஓர் இரவுக்கு, அல்லது ஒப்படைக்கும் வரையான சில நாள்களுக்கு. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கிளியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். குஞ்சை எடுத்த அன்றே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். “அவங்க வந்து என்னையே பிடிச்சிட்டா?” என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்த அன்றே, எங்கே எப்படிக் கிடைத்தது என்று நாமாகச் சொல்வது ஒன்று. மூன்று மாதம் கூண்டில் வைத்து முகநூலில் படம் போட்ட பிறகு அவர்கள் வந்து கேட்பது வேறொன்று. கூப்பிட்ட நேரத்தையும் யாரிடம் பேசினோம் என்பதையும் குறித்து வையுங்கள்.

இனி மறுபாதி.

குஞ்சு இரண்டு வாரத்தில் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். காலடிச் சத்தம் கேட்டதும் தலையை ஆட்டிக் கத்தும். தோளில் ஏறும், காதோரம் முனகும். வீட்டில் இருக்கும் பாட்டி அதற்கு “முருகா” சொல்லிக் கொடுக்க ஆரம்பிப்பார். யாருக்குத்தான் ஆசை வராது? மதுரையில் பொற்றாமரைக் குளத்தருகே கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் கூண்டுக் கிளிகள் மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழகியிருந்தன. அம்மன் கையிலும் ஆண்டாள் கையிலும் கிளி இருக்கிற மரபில் வந்தவர்கள் நாம். கிளி பேசினால் வீட்டுக்கு நல்லது வந்த மாதிரி நமக்கு மனம் நிறைகிறது. எனக்கும் நிறையும்.

ஆனால் கிளி ஏன் பேசக் கற்கிறது என்று பாருங்கள். 2011-இல் கார்ல் பெர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வெனிசுவேலாவில் செய்த ஆராய்ச்சி ஒன்று வெளியானது. அங்கே காட்டில் வாழும் ஒரு சின்னக் கிளி இனத்தின் கூடுகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கிளிக்கும் தனக்கென்று ஒரு கூப்பிடு குரல் உண்டு, மற்றக் கிளிகள் அந்தக் குரலை வைத்துத்தான் அதை அழைக்கும். நமக்குப் பெயர் எப்படியோ, அதற்கு அது அப்படி. அந்தக் குரல் பிறப்பிலேயே வருகிறதா, கற்றுக்கொள்வதா என்று அறிய, சில கூடுகளில் முட்டைகளை மாற்றி வைத்தார்கள். வேறு கூட்டில் வளர்ந்த குஞ்சுகளின் குரல் பெற்றவர்களுடையதைப் போல அமையவில்லை, வளர்த்தவர்களுடையதைப் போலவே அமைந்தது. குஞ்சு தானாகக் குரல் எழுப்பத் தொடங்கும் முன்பே தாயும் தந்தையும் கூட்டுக்குள் அதற்கான குரலைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன.

இதைப் படித்த நாளிலிருந்து என்னால் ஒரு கிளிக்குஞ்சின் முன்னால் வாய்திறந்து பேச முடிவதில்லை. வளர்க்கிறவரிடமிருந்து தன் பெயரைக் கற்றுக்கொள்ளும் பருவத்தில்தான் அந்தக் குஞ்சு சப்பாத்துப் பெட்டியில் இருக்கிறது. அந்த நேரத்தில் அதன் காதில் விழுவது நம் குரலும் தொலைக்காட்சி நாடகமும் என்றால், அதைத்தான் அது தன் கூட்டத்தின் மொழி என்று எடுத்துக்கொள்ளும். கூட்டமாக வாழும் கிளிக்குத் தன்னினக் குரல் தெரியாவிட்டால் இரை எங்கே இருக்கிறது, பருந்து எந்தப் பக்கம் வருகிறது என்ற தகவல் எதுவும் எட்டாது. “முருகா” என்று அழகாகச் சொல்கிற பாயான் ஒன்று, தோட்டத்து மேலே பறக்கும் கூட்டத்தின் நடுவே ஊமை. மனிதரைக் கண்டால் பயம் இல்லாத அந்த ஊமை, அடுத்த கூண்டுக்காரர் கையில் தானாகப் போய் உட்காரும்.

அதனால் என் வீட்டில் சில ஒழுங்குகள் உண்டு. ஊட்டும்போது பேச்சில்லை. முகத்தை மறைத்து ஒரு பச்சைத் துணி. முடிந்தவரை ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளைச் சேர்த்தே வைப்பேன், தனிக்குஞ்சென்றால் அதே இனக் குஞ்சுகள் வேறு யாரிடமாவது இருக்கின்றனவா என்று கேட்டு உடனே மாற்றிவிடுவேன். பெயர் வைப்பதில்லை. என் மகள் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். “அம்மா, அதுக்குப் பேரே இல்லாம எப்படிம்மா கூப்பிடறது?” கூப்பிட வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு நேரம் எடுத்தது. இப்போது அவளே தோழிகளுக்குச் சொல்கிறாள்.

வளர்ந்த கிளிகளின் கதை வேறு. இறகு வெட்டப்பட்ட செந்தார்ப் பைங்கிளிகள் வரும். இந்தக் கிளியைக் கூண்டில் வைத்துப் பார்க்கும் கிளி ஜோசியம் நமக்குப் புதிதல்ல. ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் முனியப்பன் வைத்திருந்த மணி என்ற கிளி 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின் காலிறுதி ஆட்டங்களில் யார் வெல்வார்கள் என்று சரியாக எடுத்துக்கொடுத்து உலகச் செய்தியானது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இந்தக் கிளியைக் காக்கிறது, தமிழ்நாட்டு வனத்துறை கூண்டுக் கிளிகளை ஒப்படைக்கச் சொல்லிப் பறிமுதல் செய்கிறது. இங்கே அதே கிளிக்குச் சொந்தக் காடு கிடையாது. பாவம் என்று பறக்கவிட்டால் ஒன்று பட்டினியில் சாகும், அல்லது பிழைத்து நம் பாயானின் பொந்துகளுக்குப் போட்டிபோடும். கூண்டிலிருந்து வந்த கிளி அலகு இறகு நோய்க் கிருமியைக் காட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவும் கூடும். விசேஷ நாளில் பறவை விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தக் கிளிக்கு உரிமம் உள்ள நல்ல இடத்தில், பறக்கும் அளவு பெரிய கூண்டில், தன் இனத்தோடு மீதிக் காலம். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெட்டிய இறகு உடனே வளராது. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும்வரை, சில நேரம் ஓராண்டுகூட, காத்திருக்க வேண்டும்.

கிளிமேல் பாசம் வைக்கக் கூண்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் சென்னை ராயப்பேட்டை ஜோசப் சேகரைச் சொல்வேன். கேமரா பழுது பார்ப்பவர், பழைய கேமராக்களைச் சேகரிப்பவர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மொட்டைமாடிக்கு வந்த ஓரிரு கிளிகளுக்கு ஊறவைத்த அரிசியை வைக்கத் தொடங்கினார். பின்னர் அது ஆயிரக்கணக்கான கிளிகள் காலையும் மாலையும் வந்து தின்றுவிட்டுப் பறந்துபோகும் மாடியானது. அரிசி மட்டும் கிளிக்கு நல்ல உணவல்ல, ஒரே இடத்தில் அவ்வளவு கூடினால் நோயும் பரவலாம், இதெல்லாம் உண்மை. ஆனாலும் அத்தனை ஆண்டுகளும் அவர் எதையும் கூண்டில் அடைக்கவில்லை. திருவில்லிபுத்தூரிலும் ஆண்டாள் கைக்குக் கிளி வேண்டுமென்று யாரும் காட்டுக்குப் போவதில்லை. மாதுளம்பூவில் அலகும் மரவள்ளி இலையில் உடலுமாக, தினமும் புதிதாக ஒரு கிளியைக் கையாலேயே கட்டிவிடுகிறார்கள். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற வழி இது.

பொந்து விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன். பாயானுக்குக் கூடு கட்டத் தெரியாது. பழத்தைக் கிழிக்கிற அலகால் உறுதியான மரத்தைக் குடையவும் முடியாது. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து, கிளை முறிந்து உளுத்த ஓட்டை, இவைதான் அதற்கு வீடு. பெரும்பாலும் பட்டுப்போன உயரமான மரங்களில், தரையிலிருந்து வெகு மேலே. தோட்டத்திலும் தாமானிலும் முதலில் வெட்டப்படுவது அந்த மரங்கள்தாம். எனக்கு வருகிற குஞ்சுகளில் முக்கால்வாசி அப்படி விழுந்தவை. பத்துக் குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்ப்பதைவிட ஒரு மரத்தைச் சில மாதம் நிற்கவிடுவது எளிது, செலவும் இல்லை.

எங்கள் தாமானுக்குப் பின்னால் காய்ந்த பத்தாய் மரம் ஒன்று நிற்கிறது. ரோட்டுப் பக்கம் சாய்ந்த கிளை கார்மேல் விழும் என்று குடியிருப்பாளர் சங்கத்தில் பேச்சு வந்தது. பயம் நியாயமானது. அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டு, தண்டை ஜூலை முடியும்வரை விடலாமா என்று கேட்டேன். பாயான் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள் குஞ்சு பொரித்து முடித்துவிடும். சங்கத் தலைவர் அங்கிள் மேலே பார்த்தார். “ஓட்டையில உண்மையிலேயே கிளி இருக்காம்மா?” மாலையில் வந்து பார்க்கச் சொன்னேன், வந்தார், பார்த்தார், ஒத்துக்கொண்டார். உங்கள் இடத்திலும் அப்படி ஒரு மரம் இருந்தால், வெட்டும் தேதியை ஆகஸ்ட்டுக்கு மேல் தள்ளச் சொல்லி எழுதுங்கள். மலாயில் கடிதம் எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.